விருந்தும் வேலை நேரம்தான்

முதலீட்டு வங்கியில் சேர விரும்பும் இளைஞர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, ‘வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும்?’ என்பதே. அதற்குக் காரணம் உண்டு. 2021இல் கோல்ட்மேன் சாக்ஸ் நிறுவனத்தின் முதலாண்டு ஊழியர்கள் 13 பேர் தங்களுக்குள் எடுத்த கணக்கெடுப்பில், வாரத்துக்குச் சராசரியாக 95 மணி நேரம் வேலை பார்ப்பதாகத் தெரிவித்திருந்தனர். 2024இல் ஜே.பி. மார்கன் வங்கி, இளநிலை ஊழியர்களின் வேலை நேரத்தைப் பெரும்பாலும் வாரத்துக்கு 80 மணிக்குள் நிறுத்த முடிவெடுத்தது.

நிறுவனங்களின் இணைப்பு, கையகப்படுத்தல் ஆகியவற்றுக்கு ஆலோசனை வழங்கும் பிரிவில்தான் இத்தகைய எண்கள் பேசப்படுகின்றன. அதே வங்கியின் வேறொரு தளத்தில் விற்பனைப் பிரிவு இயங்குகிறது. லண்டனில் சில ஆண்டுகள் அப்பிரிவில் இளநிலை ஊழியனாக இருந்தவன் நான். அங்கே மணிக்கணக்கு குறைவு. ஆனால், அந்தக் கணக்கு முழுமையானது அல்ல.

விற்பனையாளர் செய்வது என்ன?

ஓய்வூதிய நிதிகள், காப்பீட்டு நிறுவனங்கள், பரஸ்பர நிதிகள் போன்றவையே இப்பிரிவின் வாடிக்கையாளர்கள். ஒரு பங்கைப் பற்றி வங்கியின் ஆய்வாளர் கூறும் கருத்தை நிதி மேலாளர்களிடம் கொண்டுசேர்ப்பதும், அவர்கள் வாங்கவோ விற்கவோ முன்வந்தால் அந்த ஆணையை வர்த்தகரிடம் ஒப்படைப்பதும் விற்பனையாளரின் பணி. புதியவருக்குப் பெரும்பாலும் சொந்த வாடிக்கையாளர்கள் கிடையாது. காலைக் குறிப்பைத் தொகுப்பது, மூத்தவர் இல்லாதபோது தொலைபேசியை எடுப்பது, சந்திப்புகளுக்கு நேரம் குறிப்பது, எல்லோருக்கும் காபி வாங்கி வருவது என்றே என் முதல் ஆண்டு கழிந்தது.

சந்தை வகுக்கும் நாள்

லண்டன் பங்குச் சந்தை காலை 8 மணிக்குத் திறந்து மாலை 4.30க்கு முடிகிறது. பிரிட்டன் நிறுவனங்களின் நிதிநிலை அறிவிப்புகள் காலை 7 மணியிலிருந்தே வரத் தொடங்கும். ஆகவே, 6.30க்குள் இருக்கையில் இருந்தாக வேண்டும். 7 மணியை ஒட்டிக் காலைக் கூட்டம். அது முடிந்ததும் வாடிக்கையாளர்களுக்கு வரிசையாக அழைப்புகள். அமெரிக்காவின் வேலைவாய்ப்பு, பணவீக்கப் புள்ளிவிவரங்கள் வழக்கமாக லண்டன் நேரப்படி பகல் 1.30க்கு வெளிவரும், 2.30க்கு நியூயார்க் சந்தை திறக்கும். மதிய உணவு மேசையிலேயே முடிந்துவிடும். மாலை 5.30க்கு மேல் கிளம்பலாம்.

ஆக, நாளொன்றுக்கு 11 முதல் 12 மணி நேரம்; வாரத்துக்கு 60க்குள். சனி, ஞாயிறு சந்தை இல்லை. எனவே, பெரும்பாலும் வேலையும் இல்லை. ஆலோசனைப் பிரிவில் இருந்த நண்பர்கள் எங்களைப் பொறாமையோடு பார்த்ததில் வியப்பில்லை.

கணக்கில் ஏறாத மாலை

அவர்கள் பார்க்காதது எங்கள் மாலைகளை. வாரத்தில் இரண்டு, மூன்று நாள்கள் வாடிக்கையாளர்களுடன் இரவு விருந்து இருக்கும். சில நாள்களில் கால்பந்துப் போட்டி. வர இயலாது என்று சொல்லத் தடையில்லை. ஆனால், ஒரு வாடிக்கையாளரின் பொறுப்பு யாருக்குத் தரப்படும் என்று பேச்சு வரும்போது, அவரை நன்கு அறிந்தவரின் பெயரே முன்னே நிற்கும். அந்த அறிமுகம் விருந்து மேசையில்தான் வளர்கிறது. மது அருந்தாத நான், எலுமிச்சை பிழிந்த சோடாவுடன் கடைசிவரை அமர்ந்திருப்பேன்.

அப்படியொரு விருந்து இரவு 11.30க்கு முடிந்தது. மறுநாள் காலை வழக்கம்போல் 6.30க்கு இருக்கையில் இருந்தேன். சந்தை திறந்த சற்று நேரத்தில் ஒரு வாடிக்கையாளர் சில பங்குகளை விற்கச் சொன்னார். நான் வாங்கச் சொன்னதாக வர்த்தகரிடம் தெரிவித்தேன். சில நிமிடங்களில் தவறு தெரியவந்து சரிசெய்யப்பட்டது. இழப்பை வங்கி ஏற்றுக்கொண்டது. எங்கள் தொலைபேசி உரையாடல்கள் அனைத்தும் பதிவாகும் என்பதால் அந்த அழைப்பை மீண்டும் ஒலிக்கவிட்டார்கள். வாடிக்கையாளர் தெளிவாகச் சொல்லியிருந்தார். தூக்கக் கலக்கத்தில் இருந்தது என் குரல்தான். நான் எத்தனை மணிக்கு உறங்கினேன் என்று யாரும் கேட்கவில்லை. முந்தைய இரவின் உணவு ரசீது மட்டும் செலவுக் கணக்கில் முறைப்படி சேர்ந்திருந்தது. விருந்தின் செலவு பதிவானது, நேரம் பதிவாகவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரிட்டனின் 1998ஆம் ஆண்டு வேலை நேர விதிமுறைகளின்படி, வாராந்திர வேலை நேரம் 17 வாரச் சராசரியில் 48 மணியைத் தாண்டக் கூடாது. ஆனால், ஊழியர் எழுத்துபூர்வமாக இந்த வரம்பிலிருந்து விலகிக்கொள்ளலாம். நான் சேர்ந்த நாளில் கையெழுத்திட்ட தாள்களுள் அந்த விலகலும் ஒன்று. படித்துப் பார்க்காமலேயே ஒப்பமிட்டேன். கையெழுத்திட மறுப்பவரைத் தண்டிக்கக் கூடாது என்பதும், முன்னறிவிப்புக் கொடுத்து விலகலைத் திரும்பப் பெறலாம் என்பதும் பின்னர்தான் தெரிந்தது.

இன்னொரு விதி இதைவிட முக்கியமானது. சில விதிவிலக்குகள் தவிர, ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் இடையே தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு ஊழியரின் உரிமை. 48 மணி வரம்பிலிருந்து விலகியதால் இந்த உரிமை போய்விடாது. தொழில் நிமித்தமான மதிய விருந்தும் வேலை நேரத்தில் சேரும் என்கிறது பிரிட்டன் அரசின் வழிகாட்டுதல். மதிய விருந்து வேலை என்றால், இரவு விருந்து மட்டும் எப்படி ஓய்வாகும்?

2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய நிதிச் சந்தை விதிகள், நிதி மேலாளர்கள் வங்கிகளிடம் பெறும் உபசரிப்புகளுக்குக் கட்டுப்பாடு விதித்தன. அதன் நோக்கம் முதலீட்டாளர்களின் நலன். விற்பனையாளரின் உறக்கம் அல்ல.

ஊதியம் அதிகம், விருந்து சுகமானது, இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஊதியம் அதிகம்தான், அந்த மேசைகளில் கிடைத்த நட்புகளில் சில இன்றும் தொடர்கின்றன. ஆனால், பிறருடைய ஓய்வூதியப் பணத்துக்கான ஆணையைக் காதில் வாங்குபவர் தெளிவாக இருக்க வேண்டியது அவருக்காக மட்டுமல்ல. வங்கிகள் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. விருந்து முடியும் நேரத்தையும் பதிவுசெய்து, மறுநாள் காலைக் கூட்டத்துக்கு முறைவைத்து ஆளனுப்பினால் போதும்.

எனவே, இளைஞர்கள் நேர்காணலில் வாராந்திர மணிக்கணக்கோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: ‘வாடிக்கையாளர் விருந்து இரவு 11 மணிக்கு முடிந்தால், மறுநாள் நான் எத்தனை மணிக்கு வர வேண்டும்?’