புறக்கடைக் கோழி வளர்ப்பு

புறக்கடைக் கோழி வளர்ப்பு என்பது வீட்டின் பின்புறத்திலோ முற்றத்திலோ சில கோழிகளை மேயவிட்டு, முட்டைக்காகவும் இறைச்சிக்காகவும் வளர்க்கும் முறை ஆகும். தமிழ்நாட்டின் ஊர்ப்புறங்களில் பெரும்பாலும் பெண்களே இதனை மேற்கொள்கின்றனர். செலவு குறைவான இம்முறையில், தேர்ந்தெடுக்கும் இனத்தைப் பொறுத்தே பயன் அமைகிறது.

முட்டையும் அடையும்

நாட்டுக்கோழி ஓர் ஈற்றுக்குச் சுமார் 12 முதல் 15 முட்டைகள் இட்டபின் அடைக்கு உட்காரும். 21 நாட்கள் அடைகாத்துப் பின்னர் குஞ்சுகளையும் பேணும். இக்காலம் முழுவதும் அது முட்டையிடுவதில்லை. எனவே ஆண்டுக்கு ஏறத்தாழ 60 முதல் 80 முட்டைகளே கிடைக்கும். வெள்ளை லெகார்ன் ஆண்டுக்கு 300 முட்டைகள் வரை இடும். ஆனால் தேர்ந்தெடுத்த இனப்பெருக்கத்தால் அதன் அடை உணர்வு பெரிதும் நீங்கிவிட்டது. முட்டைக் கோழிகளை மட்டும் வைத்திருப்போர் ஒவ்வொரு முறையும் குஞ்சுகளை விலைக்கு வாங்க நேரிடும். ஓரிரு சிறுவிடைப் பெட்டைகளையும் உடன் வளர்த்தால், பிற கோழிகளின் கருவுற்ற முட்டைகளை அவற்றிடம் அடை வைக்கலாம்.

பெட்டைகள் முட்டையிடச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்க வேண்டுமாயின் 8 முதல் 10 பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும்.

இனங்களை அடையாளம் காணல்

கொண்டை, காதுமடல், தோல், கால் ஆகியவற்றைக் கொண்டு இனங்களை வேறுபடுத்தலாம். இறகின் நிறம் மட்டும் போதிய சான்று அன்று. நாட்டுக்கோழிகளில் பல நிறங்கள் உண்டு.

- சிறுவிடை: சிற்றுடல், குறுகிய கால்கள். நன்கு அடைகாக்கும்.
- அசீல்: நிமிர்ந்த நிலை, நீண்ட வலிய கால்கள், உடலோடு ஒட்டிய இறகுகள், சிறிய பட்டாணிக் கொண்டை. சண்டைக் குணம் மிக்கது, முட்டை குறைவு.
- கடக்நாத்: மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக்குரியது. தோல், இறைச்சி, எலும்பு ஆகியவை கருமையானவை. முட்டை ஓடு கருமையானதன்று. 2018இல் இதன் இறைச்சி புவிசார் குறியீடு பெற்றது.
- கிராப்புக் கோழி: கழுத்தில் இறகு இராது. வெப்பத்தைத் தாங்கும்.
- வெள்ளை லெகார்ன்: வெண்ணிற இறகு, பெரிய ஒற்றைக் கொண்டை, வெண்ணிறக் காதுமடல், வெள்ளை முட்டை.
- ரோட் ஐலண்ட் ரெட்: கருஞ்சிவப்பு இறகு, சிவந்த காதுமடல், பழுப்பு முட்டை.

வனராஜா, கிராமப்பிரியா ஆகியவை ஐதராபாத்திலுள்ள கோழி ஆராய்ச்சி இயக்ககம் புறக்கடை வளர்ப்பிற்கென உருவாக்கிய கலப்பினங்கள். இவற்றின் குஞ்சுகளில் தாயின் திறன் அப்படியே அமைவதில்லை.

தொடங்குதல்

சந்தையில் வாங்கும்போது முட்டையிடும் பெட்டையை அறிய ஒரு வழி உண்டு. அதன் கொண்டை சிவந்திருக்கும். எச்சத் துவாரத்தின் இருபுறமும் உள்ள எலும்புகளுக்கிடையே இரண்டு அல்லது மூன்று விரல்கள் நுழையும். புதிதாக வாங்கிய கோழிகளைச் சில வாரங்கள் தனியே வைத்திருந்தபின் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

இரவில் கீரி, பூனை, நாய் நுழையாத கூண்டு தேவை. பகலில் குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பதால் காகம், பருந்து ஆகியவற்றிலிருந்து காக்கலாம். மேய்ச்சலோடு உடைத்த தானியம், தவிடு, கீரை ஆகியவற்றை அளிப்பர். முட்டை ஓடு உறுதிபெறக் கிளிஞ்சல் தூள் வைக்க வேண்டும். சாணமும் கிழிந்த சாக்கும் இட்டு நீர் தெளித்த பானையைக் கரையான் உள்ள இடத்தில் இரவில் கவிழ்த்து வைத்தால், காலையில் குஞ்சுகளுக்குப் புரதம் மிக்க கரையான் கிடைக்கும்.

நோய்த் தடுப்பு

வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய் ஒரு தீநுண்மியால் உண்டாகிறது. பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், மூச்சுத்திணறல், கழுத்துத் திருகல் ஆகியவை இதன் அறிகுறிகள். தடுப்பூசி போடாத மந்தை சில நாட்களிலேயே முற்றிலும் அழியக்கூடும். நோய் கண்டபின் குணப்படுத்தும் மருந்து இல்லை. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் இறக்கையின் தோலுக்கடியில் ஊசியும் இடுவது வழக்கம். குடற்புழு நீக்க மருந்தை ஊசிக்கு ஒரு வாரம் முன்னர் கொடுப்பது நல்லது. இறந்த கோழிகளை வெளியே எறியாமல் சுண்ணாம்பு தூவி ஆழப் புதைக்க வேண்டும்.