கிண்டல்: கிளறிப் பிறந்த சொல்

கிண்டு என்னும் வினையோடு 'அல்' விகுதி சேர்ந்து பிறந்த தொழிற்பெயர் கிண்டல். கிண்டுதல் என்றால் கிளறுதல். அடுப்படியில் அல்வாவும் களியும் கிண்டுவார்கள். கோழி குப்பையைக் கிண்டும். யாழ்ப்பாணத் தமிழில் குழி தோண்டுவதும் கிண்டுவதுதான். அடியில் கிடப்பதை மேலே கொண்டுவருவது இவை எல்லாவற்றுக்கும் பொது. மறைத்துவைத்ததைக் கிண்டிக் கிளறிக் கேட்பதும், பேச்சால் சீண்டி ஒருவரைப் பேசவைக்கும் கிண்டலும் அந்தப் பொருளின் நீட்சியே.

கிண்டலோடு இணைந்தே வழங்கும் கேலி, விளையாட்டைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. கேளிக்கையும் அதன் இனமே. எள்ளல் தொன்மையானது: நகைக்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் நான்கு காரணங்களில் அது முதலாவது. ஆனால் எள்ளலில் இகழ்ச்சி கலந்திருக்கும். முன்பின் தெரியாதவரையும் எள்ளலாம். கிண்டலுக்கோ நெருக்கம் வேண்டும்.

அந்த நெருக்கத்துக்குத் தமிழ்க் குடும்பம் முறை வகுத்திருக்கிறது. அத்தை மகன், மாமன் மகள், மைத்துனர், கொழுந்தியாள் ஆகியோர் கிண்டலுக்கு உரியவர்கள்; மாமனார் மரியாதைக்கு உரியவர். இப்படி உறவுமுறையே கேலிக்கு உரிமை தரும் வழக்கம் உலகின் பல சமூகங்களில் இருப்பதை மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் 1940இல் விளக்கினார். மணஉறவால் இணையும் இரு குடும்பங்களுக்கிடையே எழக்கூடிய உரசலை அந்தச் சிரிப்பு தணிக்கிறது என்பது அவர் கருத்து.

கிளறலும் சீண்டலும் ஒரே சொல்லில் சேர்வது தமிழில் மட்டுமல்ல. மலேசியாவின் மலாக்காவில், பாச்சாங் போன்ற ஊர்களின் தமிழர் அன்றாடம் கேட்கும் மலாய்ச் சொல் 'காச்சாவ்'. "காச்சாவ் பண்ணாதே" என்பது மலேசியத் தமிழில் இயல்பான பேச்சு. டோடோல் என்னும் இனிப்பைக் கிளறுவதும் காச்சாவ்தான், ஒருவரைத் தொந்தரவு செய்வதும் சீண்டுவதும் காச்சாவ்தான். மொழிக்குடும்பத்தால் தொடர்பில்லாத இரு மொழிகள், கிளறுதலிலிருந்து சீண்டலுக்குத் தனித்தனியே வந்து சேர்ந்திருக்கின்றன. எனினும் காச்சாவில் எரிச்சல் தொனிக்கும்; கிண்டலில் உரிமை தொனிக்கும்.

மலாக்காவில் சீண்டலுக்கும் பதிலுக்கும் கலைவடிவமே உண்டு. டொண்டாங் சாயாங் என்னும் பாட்டுக்கலையில் ஒருவர் பாடும் பந்துன் என்ற நாலடிப் பாட்டுக்கு மற்றவர் அங்கேயே பந்துன் கட்டிப் பதில் பாடுவார்; வயலினும் ரெபானா என்னும் தோற்கருவியும் கோங்கும் துணை நிற்கும். 2018இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற இக்கலையை மலாய்க்காரர், பாபா நியோன்யா என்னும் சீன வழியினர், போர்த்துகீசியர் ஆகியோருடன் மலாக்காச் செட்டிகளும் பேணுகிறார்கள். தமிழ் வணிகர் வழிவந்த செட்டிகளின் வீட்டுமொழி இன்று மலாய். மொழி மாறியும், உரிமையோடு சீண்டிப் பதில் வாங்கும் சுவை அவர்களிடம் பந்துனில் வாழ்கிறது. பதிலுக்கு இடம் வைப்பதே கிண்டலின் இலக்கணம். அந்த இடம் இல்லாதபோது அது ஏளனமாகிவிடும்.