லியாம் போத்தம்

லியாம் போத்தம் (பி. 26 ஆகஸ்ட் 1977, டான்காஸ்டர்) ஹாம்ப்ஷயர் கவுண்டிக்காகச் சிறிது காலம் ஆடிய இங்கிலாந்து ஆல்ரவுண்டர். 102 டெஸ்ட்டில் 383 விக்கெட் எடுத்த இயன் போத்தத்தின் மகன்.

1996 ஆகஸ்ட் இறுதியில் போர்ட்ஸ்மவுத்தில் மிடில்செக்ஸுக்கு எதிராக முதல்தரக் கிரிக்கெட்டில் அறிமுகமானார். 19 வயது நிறைந்து ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது. முதல் பலி மைக் கேட்டிங்: இங்கிலாந்து அணியின் முன்னாள் கேப்டன், அப்பாவின் பழைய சகா! அந்த இன்னிங்ஸில் லியாம் எடுத்தது 67 ரன்னுக்கு 5 விக்கெட். மகன் பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, ட்ரென்ட் பிரிட்ஜில் நடந்த தன் முதல் டெஸ்ட்டில், தந்தை எடுத்ததும் ஐந்துதான், 74 ரன்னுக்கு. இப்படியொரு பொருத்தம் அபூர்வம்.

ஆனாலும் மூன்று முதல்தரப் போட்டிகளோடு கிரிக்கெட் முடிந்தது. ஒவ்வொரு பந்திலும் தந்தையோடு ஒப்பிடப்படுவது எந்த இளைஞனுக்கும் பெரும் சுமை.

பிறகு அவர் முழுமூச்சாக இறங்கியது ரக்பியில். வெஸ்ட் ஹார்ட்டில்பூல், கார்டிஃப், நியூகாசில் ஃபால்கன்ஸ் அணிகளுக்கு ரக்பி யூனியன் வகை ஆட்டம். பின்னர் லீட்ஸ், லண்டன், விகன் அணிகளுக்கு ரக்பி லீக் வகை ஆட்டம். கழுத்துக் காயத்தால் 2005இல் ஓய்வுபெற்றார். கார்டிஃபில் பிறந்த மகன் ஜேம்ஸ் 2020இல் வேல்ஸ் ரக்பி அணியில் இடம்பெற்றார்.