கன்யேத்தே பள்ளத்தாக்கின் பருத்தி

வரலாறு எழுதுவோர் அரசர்களையும் போர்களையும் பற்றியே பெரிதும் பேசுவர். வயல்களில் நிகழ்ந்த போர்களைப் பேசுவோர் சிலரே. அத்தகைய போரொன்றின் வரலாற்றை இன்று நேயர்களுக்குக் கூற விரும்புகின்றேன்.

தென்னமெரிக்காவிலுள்ள பேரு நாட்டின் கரையோரத்திலே, தலைநகராகிய லீமாவுக்குத் தெற்கே, கன்யேத்தே என்னும் பள்ளத்தாக்கு உளது. ஒருபுறம் பசிபிக் சமுத்திரம்; மறுபுறம் அந்தீசு மலைத்தொடர்; ஏனைய இருபுறமும் மழை காணாப் பாலைநிலம். மலையிலிருந்து இறங்கிவரும் ஆற்றுநீரே அங்குள்ள பயிர்களுக்கு உயிர். 1920ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் கரும்பு கைவிடப்பட்டுப் பருத்தியே தலைமைப் பயிராயிற்று.

அக்காலக் கமக்காரர் ஆசனிக்குச் சேர்ந்த மருந்துகளையும், புகையிலையிலிருந்து பெறப்படும் நிக்கொட்டீன் சல்பேற்றையும் கொண்டு பீடைகளை அடக்கிவந்தனர். பொறிவண்டுகளும் ஒட்டுண்ணிக் குளவிகளும் தம் பங்கு வேலையைச் செய்துவந்தன. ஆயின், அறுவடையான செடியை வேரோடு களையாது வெட்டிவிட்டு, அடியிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பையே அடுத்த ஆண்டுப் பயிராக வளர்க்கும் வழக்கமும் அங்கு இருந்தது. இதனாற் பீடைகளுக்கு ஆண்டு முழுவதும் உணவும் உறைவிடமும் கிடைத்தன. 1949ஆம் ஆண்டிலே காய்ப்புழுவும் அழுக்கணவனும் பெருகி விளைச்சலைக் குறைத்தன.

அவ்வேளையிற் புதிய நஞ்சுகள் கைக்கெட்டின. டீ. டீ. ரீ.யின் பூச்சிகொல்லும் ஆற்றலை 1939இல் கண்டறிந்த சுவிற்சர்லாந்து நாட்டவரான போல் முல்லர், அதற்காக 1948இல் நோபெல் பரிசு பெற்றிருந்தார். டீ. டீ. ரீ., பீ. எச். சீ., தொக்சபீன் ஆகிய மூன்றும் கன்யேத்தேக்கு வந்தன. பள்ளத்தாக்கு முழுவதையும் போர்வையால் மூடுவதுபோல மருந்து தெளித்தனர். ஆகாயவிமானத்திலிருந்து தெளிப்பதற்கு இடையூறென்று மரங்களைத் தறித்தனர். அம்மரங்களிற் கூடுகட்டி வாழ்ந்த பறவைகள் மறைந்தன. ஆயினும், 1950இல் எக்டேயருக்கு 494 கிலோகிராமாயிருந்த விளைச்சல் 1954இல் 728 கிலோகிராமாக உயர்ந்தது. மரங்கள் போனதற்கு அன்று வருந்துவார் யார்?

வெற்றியின் நடுவிலேயே தோல்வி தொடங்கிவிட்டது. 1952இல் அழுக்கணவன் பீ. எச். சீ.க்கு அடங்க மறுத்தது. 1954இல் இலைப்புழு தொக்சபீனை வென்றது. அதன்பின் காய்ப்புழு டீ. டீ. ரீ.யைத் தாங்கிக்கொண்டது. அதுவரை எவரும் பொருட்படுத்தாத சில பூச்சிகளும் பெரும் பீடைகளாயின. அந்நஞ்சுகளைப் பயன்படுத்தாத அயற் பள்ளத்தாக்குகளிலோ அவை முன்போலவே அடங்கிக் கிடந்தன. 15 நாளுக்கு ஒருமுறை மருந்தடித்தவர்கள் 8 நாளுக்கு ஒருமுறையும், ஈற்றில் 3 நாளுக்கு ஒருமுறையும் அடிக்கலாயினர். 1955–56ஆம் ஆண்டுப் பருவத்தில் விளைச்சல் 332 கிலோகிராமாக வீழ்ந்தது.

பூச்சி மருந்துக்குப் பழகிவிட்டது என்று நாம் கூறுவதுண்டு. தனியொரு பூச்சி அவ்வாறு பழகுவதில்லை. எண்ணிறந்த பூச்சிகளுள் ஒருசில பிறவியிலேயே நஞ்சைத் தாங்கும் இயல்புடையன. மருந்து ஏனையவற்றைக் கொன்று, வயலை அச்சிலவற்றுக்கு ஒப்படைத்துவிடுகின்றது. பின்னர் அவற்றின் சந்ததியே பெருகுகின்றது. மருந்தைத் தாங்கும் பூச்சிகளைப் பற்றி அமெரிக்க விஞ்ஞானி மெலாண்டர் 1914இலேயே எழுதியிருந்தார்.

கன்யேத்தேயில் இது இத்துணை விரைவில் நிகழ்ந்தமைக்குக் காரணம் அங்கிருந்த கமத்தொழில் முறையாகும். பள்ளத்தாக்கின் பெரும்பகுதியில் ஒரே பயிர். எல்லா வயல்களிலும் ஒரே வகை நஞ்சு. மருந்து படாத வயல்கள் அருகில் இருந்திருப்பின், அங்கு தப்பிய சாதாரணப் பூச்சிகள் வந்து இனங்கலந்து, நஞ்சைத் தாங்கும் இயல்பைப் பெருகவிடாது தடுத்திருக்கும். சூழவிருந்த பாலைநிலமோ அத்தகைய பூச்சிகளின் வரவைத் தடுத்தது. மருந்துக்குத் தப்பியவற்றை மறுதாம்பு ஊட்டி வளர்த்தது. அவற்றைத் தின்றிருக்கக்கூடிய பொறிவண்டுகளும் குளவிகளும் முன்னரே மாண்டுபோயின.

இழப்பு கமக்காரரின் கண்களைத் திறந்தது. அவர்களது வேண்டுகோளின்படி அரசாங்கம் புதிய விதிகளை வகுத்தது. மறுதாம்பு வளர்த்தல் தடைசெய்யப்பட்டது. விதைப்புக்குக் குறித்த காலம் விதிக்கப்பட்டு, பருத்தியே இல்லாத இடைக்காலம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. நீர் போதாத நிலங்களிற் பருத்தி பயிரிடுதல் நிறுத்தப்பட்டது. புதிய நஞ்சுகள் சிறப்பு அனுமதியின்றிப் பயன்படுத்தலாகாதென விலக்கப்பட்டு, பழைய மருந்துகள் மீண்டும் கையாளப்பட்டன. அயற் பள்ளத்தாக்குகளிலிருந்து நன்மைசெய் பூச்சிகளைக் கொணர்ந்து விட்டனர். 1956–57இல் விளைச்சல் 526 கிலோகிராமாயிற்று. தொடர்ந்த ஆண்டுகளில் 724க்கும் 1,036க்கும் இடைப்பட்டு நின்றது. நஞ்சு கொடுத்த உச்ச விளைச்சலையும் அது மிஞ்சியது.

அவ்விதிகள் பெருந்தோட்டக்காரரையும் சிறு கமக்காரரையும் ஒருங்கே கட்டுப்படுத்தின என்பதை நாம் மறத்தலாகாது. ஒருவர் மட்டும் மறுதாம்பை விட்டுவைத்தால், அங்கு வளரும் பீடை அயலவர் வயல்களுக்கும் பறந்து செல்லும். பீடைக்கு வேலியும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை. கன்யேத்தே மக்கள் அழிவின் விளிம்பில் நின்று இதனை உணர்ந்தனர். உணர்ந்தபின் ஒருங்கே நடந்தமையால் தம் பள்ளத்தாக்கைக் காத்துக்கொண்டனர்.