சிறப்புப் பட்டமும் சல்லரிச் சத்தமும்: பேராதனையின் மாலைகள்

‘ஸ்பெஷல் கிடைச்சிட்டுதாம்’ எண்டு வீட்டில ஒரு செய்தி வந்தால், அது அயலட்டை முழுக்கப் போய்ச் சேர்ந்த காலம் ஒன்று இருந்தது. இப்ப அதை ‘ஒனர்ஸ்’ எண்டு சொல்லுறம். நாலு வருசம், ஜீபிஏ, ஆய்வுக் கட்டுரை, கடைசியில ஒரு வகுப்புச் சித்தி. யார் எத்தனையாம் ஆண்டு முதல் வகுப்பு எடுத்தார் என்பது எங்கட சமூகத்துக்கு நல்ல ஞாபகம். ஆனால், அந்தச் சிறப்புக் கற்கை மாணவர்கள் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு என்ன செய்தார்கள் என்று நாங்கள் பெரிதாகக் கேட்டதில்லை. ஈழத்துத் தமிழ் அரங்கின் வரலாற்றில் ஒரு முக்கியமான அத்தியாயம் அந்தப் பின்னேரங்களில்தான் எழுதப்பட்டது.

1942 இல் கொழும்பில் தொடங்கப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகம் பின்னர் பேராதனைக்கு நகரத் தொடங்கியது. ஒரு பக்கம் ஹந்தானை மலை, இன்னொரு பக்கம் மகாவலி. முதலாவது துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் விரும்பியது பிரித்தானியப் பாணியிலான ஒரு வதிவிடப் பல்கலைக்கழகம். மாணவர்கள் அங்கேயே தங்க வேண்டும், சாப்பிட வேண்டும், வாதாட வேண்டும். அருணாசலம், இராமநாதன், ஜயதிலக்க, ஹில்டா ஒபேசேகர என்று விடுதிகள் எழுந்தன. முதல் வருடப் பரீட்சையில் திறமை காட்டிய ஒரு சிறு தொகையினரே சிறப்புக் கற்கைக்குத் தெரிவானார்கள். ஒரு துறையில் ஒரு பட்ச் என்பது சில வேளைகளில் ஒரு மேசையைச் சுற்றி இருக்கக்கூடிய அளவுதான். ஆசிரியரும் மாணவரும் ஒருவரை ஒருவர் நன்றாக அறிந்திருந்தார்கள். அந்த நெருக்கம் வகுப்போடு முடியவில்லை.

ஆரம்பத்தில் பல்கலைக்கழகத்தின் ‘கலாசார வாழ்வு’ என்றால் அது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். பேராசிரியர் லுடோவைக் வழிநடத்திய நாடகச் சங்கம் அதன் அடையாளம். தமிழ்ப் பக்கத்தில் அதற்கு மாற்றாக ஒன்றைச் செய்தவர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை. கல்வெட்டையும் மொழியியலையும் கற்பித்த அவரே, ‘உடையார் மிடுக்கு’, ‘முருகன் திருகுதாளம்’ போன்ற நாடகங்களை யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் எழுதினார். அவற்றைக் கொண்ட ‘நானாடகம்’ 1940 இல் நூலாக வந்தது. மாணவர்கள் அவரது நாடகங்களை மேடையேற்றினார்கள். பின்னாளில் பேராசிரியரான கா. சிவத்தம்பியும் அந்த நடிகர்களில் ஒருவர். விரிவுரை மண்டபத்தில் இலக்கணத் தமிழ், மேடையில் வீட்டுத் தமிழ். ‘எங்கட கதை மேடைக்குத் தகும்’ என்ற துணிவு இந்த நாடகங்களால்தான் வந்தது என்று நாங்கள் நினைக்கிறோம்.

அடுத்த திருப்பம் சிங்கள அரங்கிலிருந்து வந்தது. 1956 நவம்பரில் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ மேடையேறியது. தனிச் சிங்களச் சட்டம் வந்ததும் அதே ஆண்டுதான். சட்டம் இரண்டு மொழிகளையும் பிரித்து வைத்த நேரத்தில், ‘மனமே’யின் ஆட்டமும் பாட்டும் சிங்கள நாடகம எனும் வடிவத்திலிருந்து வந்தன. அந்த நாடகமவோ கரையோரத் தமிழ்க் கூத்தின் செல்வாக்கில் வளர்ந்தது. ஆகவே ‘மனமே’யைப் பார்த்த தமிழர்கள் ஒரு வகையில் தங்களுடைய கூத்தின் தூரத்து உறவையே பார்த்தார்கள். அதே வளாகத்தில் தமிழ் கற்பித்த சு. வித்தியானந்தன் அதைச் சரியாகப் புரிந்துகொண்டார். எங்கட ஊர்களிலேயே இருக்கிற கூத்தை ஏன் நாங்கள் தொடவில்லை என்ற கேள்வி அவரை வேலையில் இறக்கியது.

அந்தக் கேள்வி லேசானதல்ல. படிச்ச குடும்பங்களில் ‘கூத்தாடி’ என்பது ஏச்சு. கூத்து என்றால் படிக்காதவன் ஆடுறது, ‘குறைந்த’ சாதியான் ஆடுறது என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது. பட்டம் எடுக்கப் பேராதனைக்கு வந்த பிள்ளை காலில் சதங்கை கட்டி ஆடுவது வீட்டுக்குச் சொல்லக்கூடிய செய்தியல்ல. அந்தச் சூழலில்தான் 1962 இல் ‘கர்ணன் போர்’, 1963 இல் ‘நொண்டி நாடகம்’, அதன் பின் ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ ஆகியன வரிசையாக மேடையேறின.

இதில் நடந்த வேலையைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். மட்டக்களப்பில் கூத்து விடிய விடிய நடக்கும். வட்டக்களரி, சுற்றிவரச் சனம். அண்ணாவியாரின் மத்தளம், சல்லரி, பிற்பாட்டு. ஒரு பாத்திரம் வரவு ஆடி முடிக்கவே கன நேரம் எடுக்கும். அதை ஒருபக்கம் மட்டும் திறந்த மேடைக்குள், ஒன்றரை மணித்தியாலம் அளவுக்குள் கொண்டுவர எதை வெட்டுவது, எதை விடுவது? ஆட்டத்தோடு முகபாவத்தையும் நடிப்பையும் எப்படிச் சேர்ப்பது? அந்த மாணவர்களில் மட்டக்களப்பிலிருந்து வந்த சி. மௌனகுருவும் ஒருவர். ஊர்க்கூத்தை அறிந்த அவரது உடம்புதான் இராவணேசனாக மேடையில் நின்றது. ஒத்திகைகளில் சிறப்புக் கற்கை மாணவர் ஒருவர் மரபு, மாற்றம், பார்வையாளர் என்பவற்றைப் பற்றிக் கற்றது எந்தக் கட்டுரையிலும் கிடைக்காத கல்வி.

கற்பித்தவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும். சரச்சந்திரவுக்கு நாடகம மரபைக் கொடுத்தவர் சார்ல்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே. வித்தியானந்தனின் கூத்துகளுக்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். இருவருமே பட்டதாரிகள் அல்ல. மாணவருக்குப் பட்டம் கிடைத்தது, பேராசிரியருக்குப் புகழ் கிடைத்தது. அண்ணாவியாருக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரு நன்றிக்குறிப்பு. அறிவு யாருடையது, சான்றிதழ் யாருடையது என்ற கணக்கு அப்பவும் சரியாக இல்லை, இப்பவும் இல்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் கலைப்பீடத்தில் சுயமொழிக் கல்வி வந்ததும் வளாகத்தின் முகம் மாறியது. ஆங்கிலப் பாடசாலை வாசல் மிதிக்காத கிராமத்துப் பிள்ளைகள் வந்தார்கள். தமிழ்ச் சங்கத்தின் ‘இளங்கதிர்’ ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. அதோடு ‘கதைப் பூங்கா’, ‘விண்ணும் மண்ணும்’, ‘காலத்தின் குரல்கள்’ என மாணவர்களின் சிறுகதைத் தொகுப்புகள் வந்தன. புவியியல் படித்த க. குணராசா, செங்கை ஆழியான் ஆனது இந்தச் சூழலில்தான். தமிழ் படிக்கிறவன்தான் கதை எழுத வேண்டும் என்ற வேலி அங்கே இருக்கவில்லை.

ஆனால் இதைப் பொற்காலம் என்று சொல்லிக் கைதட்ட எங்களுக்கு மனமில்லை. ஹந்தானைச் சரிவிலேயே லயங்கள் இருந்தன. மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடப்பட்டது. 1948 இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட அந்த மக்களின் பிள்ளைகளில் வளாகத்துக்குள் வந்தவர்கள் மிகக் குறைவு. மட்டக்களப்பிலிருந்து வந்த கூத்துக்குப் பேராதனையில் மேடை கிடைத்தது. பக்கத்து மலையில் இருந்த கூத்துக்கு அந்த மேடை கிடைக்கவில்லை. பெண்களையும் பாருங்கள். இந்த வரலாற்றை நாங்கள் சொல்லும்போது வரிசையாக வருவது ஆண்களின் பெயர்கள். இந்தக் கட்டுரையிலும் அப்படித்தான். அந்த மாலைகளில் மகளிர் விடுதிகளில் என்ன பேசப்பட்டது, என்ன எழுதப்பட்டது என்பதை எழுத வேண்டிய கடன் இன்னும் இருக்கிறது.

பிறகு வந்தவை எங்களுக்குத் தெரிந்தவைதான். எழுபதுகளில் தரப்படுத்தல். 1974 இல் யாழ்ப்பாண வளாகம், அதன் முதல் தலைவர் பேராதனையில் தமிழ் சிறப்புக் கற்கை முடித்த க. கைலாசபதி. 1979 இல் அது தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தர் வித்தியானந்தன். கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்தது வந்தாறுமூலையில், செல்லையா அண்ணாவியாரின் ஊரில். மௌனகுரு அங்கே கற்பித்து, ‘இராவணேசனை’ப் புதிய மாணவர்களோடு மீண்டும் மேடையேற்றினார். பேராதனைக்குப் போன கூத்து பல்கலைக்கழகத்தோடு ஊருக்குத் திரும்பி வந்தது.

இன்றைக்கு ஒனர்ஸ் செய்யிற பிள்ளையின் நாள் எப்படிப் போகுது? விரிவுரை, ஒப்படை, பரீட்சை வந்தால் சீனியர் வைக்கிற குப்பி. ‘இதுக்கு எத்தனை கிரெடிட்?’ என்ற கேள்விக்குப் பதில் இல்லாத எதுவும் வீண்வேலையாகத் தெரிகிறது. வளாகக் ‘கலாசாரம்’ என்றால் ரக்கிங்கைக் காப்பாற்றுகிற சொல்லாகவும் பல இடங்களில் மாறிவிட்டது. பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? வேலையில்லாப் பட்டதாரிகள் வீதியில் நிற்கிற நாட்டில் புள்ளிக்குப் பயப்படுவது நியாயம்தான்.

என்றாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘கர்ணன் போர்’க்கும் ‘கதைப் பூங்கா’வுக்கும் யாரும் கிரெடிட் கொடுக்கவில்லை. அறுபது வருடம் கழித்தும் நாங்கள் பேசுவது அவற்றைத்தான். உங்கட துறையில், உங்கட பட்ச்சில், பாடத்திட்டத்துக்குள் வராத எந்த அறிவு வாசலுக்கு வெளியே நிற்கிறது? அதைப் பழக்கித்தரக்கூடிய அண்ணாவியார் எந்த ஊரில் இருக்கிறார்? அவர் இருக்கும்போதே போய்க் கேளுங்கள். கேட்டதை எழுதும்போது அவருடைய பெயரை முதல் வரியில் போடுங்கள்.