நிழலும் தூரமும்: தென்னார்க்காட்டில் எக்ஸ்ரேயும் காசநோயும்

1895 நவம்பரில் வூர்ட்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் கண்ட கதிர், அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே வடமேற்கு எல்லையில் திரா படையெடுப்பில் காயம்பட்ட சிப்பாய்களின் உடலில் குண்டு தேட உதவியது. 1934இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்ட் கதிரியல் நிலையம் திறக்கப்பட்டது. கருவி மேம்பட மேம்பட நோயறிதலும் மேம்பட்டது என்றே இவ்வரலாறு பொதுவாக எழுதப்படுகிறது. காசநோய்க்கு அது பொருந்தாது. முதலில் கொண்டாடப்பட்ட எக்ஸ்ரே 1962க்குப் பின் இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. அண்மையில் மீண்டும் முன்வரிசைக்கு வந்திருக்கிறது. படத்தின் தெளிவைவிட, கருவிக்கும் நோயாளிக்கும் இடையே இருந்த தூரமே இந்த ஏற்ற இறக்கத்தைத் தீர்மானித்தது என்பது என் வாதம்.

1962இன் தேசியக் காசநோய்த் திட்டம் எக்ஸ்ரேயை மாவட்ட மையத்திலும், சளி பார்க்கும் நுண்ணோக்கியைச் சுற்றுப்புற மருத்துவமனைகளிலும் வைத்தது. அன்றைய தென்னார்க்காட்டின் தலைமையிடம் கடலூர். இன்றைய விழுப்புரமும் கள்ளக்குறிச்சியும் அதற்குள் அடக்கம். காட்டுமன்னார்கோயில் விவசாயக் கூலி ஒருவர் சிதம்பரம் வந்து பஸ் மாறிக் கடலூர் போய்ப் படம் எடுத்துத் திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். இருமலோடு அந்தப் பயணத்துக்கு எத்தனை பேர் துணிவார்கள்? எக்ஸ்ரே வண்டிகள் அப்போதே இருந்தனவே என்று கேட்கலாம். இருந்தன, 1955–58 தேசியக் காசநோய் மாதிரிக் கணக்கெடுப்பே சிறுபடச் சுருளைக் கொண்டுதான் நடந்தது. ஆனால் ஜெனரேட்டர், படம் கழுவும் இருட்டறை, படிக்கத் தெரிந்த மருத்துவர் எல்லாம் சேர்ந்தால்தான் அது நடக்கும். ஒரு கணக்கெடுப்புக்குத் தாங்கும் செலவு, ஆண்டு முழுதும் நடக்கும் சிகிச்சைக்குத் தாங்காது. மேலும், தும்கூரில் பானர்ஜியும் ஆண்டர்சனும் செய்து 1963இல் வெளியிட்ட ஆய்வு, அறிகுறி உள்ளவர்களில் பாதிக்குமேல் தாமாகவே சிகிச்சை தேடிப் போயிருந்ததைக் காட்டியது. அருகிலிருக்கும் ஆஸ்பத்திரியில் சளி பார்ப்பது அன்று சரியான முடிவுதான்.

எக்ஸ்ரே தவறு செய்ததால்தான் ஒதுக்கப்பட்டது என்போரும் உண்டு. பாதி உண்மை. நுரையீரலின் உச்சியைக் காறை எலும்பும் முதல் விலா எலும்பும் மறைக்கும். ஆறிப்போன பழைய தழும்பும் புதுப் புண்ணும் படத்தில் ஒன்றுபோல் தெரியும். ஒரே படத்தை இரு மருத்துவர்கள் வெவ்வேறாகப் படிப்பதை 1947இலேயே அமெரிக்க ஆய்வு காட்டிவிட்டது. ஆனால் சளிப் பரிசோதனைக்கும் குறை உண்டு: ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகள் இருந்தால்தான் கண்ணில் படும். அதற்குக் குறைந்தவர்கள் நோயோடு வீடு திரும்பினார்கள். அறிகுறியை நம்பித் தேடுவதற்கும் குறை உண்டு; அதன் அளவை 2019–21 தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பு சொல்கிறது: அறிகுறியை மட்டும் கேட்டு, படம் எடுக்காமல் விட்டிருந்தால், கண்டறியப்பட்டவர்களில் 42.6 விழுக்காட்டினர் விடுபட்டிருப்பார்கள்.

1985இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்தில் மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது அந்த வட்டாரத்துக்குத் தூரம் ஓரளவு குறைந்தது. கையில் தூக்கிப்போகும் டிஜிட்டல் கருவி எக்ஸ்ரேயை ஊர் வாசலுக்கே கொண்டுவருகிறது. ‘மூச்சை இழுத்துப் பிடிங்க’ என்று சொல்லி முடிப்பதற்குள் படம் கணினித் திரையில் வந்துவிடும், இருட்டறை வேண்டாம். கதிர்வீச்சுக்கு அஞ்சுவோருக்கு: ஒரு மார்புப் படத்தின் அளவு, இயற்கையிலிருந்து நாம் சில நாட்களில் வாங்குவதுதான். ஆறிய தழும்பையும் நோய் என்று படிக்கும் பழைய தவறு திரும்பும் என்ற ஆட்சேபம்தான் வலுவானது, அதிலும் படத்தைக் கணினி நிரலே படிக்கும்போது. ஆனால் இப்போது நிழலைக் கண்டதும் மருந்து தொடங்க வேண்டியதில்லை. சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை அடுத்த படியாக நிற்கிறது. தூரம் அங்கேதான் இடம் மாறியிருக்கிறது. படம் ஊரிலேயே எடுக்கப்பட்டாலும், சளி மாதிரி ஆய்வகத்துக்குப் போய் முடிவு வரத் தாமதமானால், 1962இல் கடலூர் பஸ்ஸுக்குக் காத்திருந்த அதே வகை நோயாளிதான் இன்றும் கைநழுவிப் போவார்.