காவலர் கற்ற காயக்கட்டு



சிங்கப்பூரின் கிழக்குக் கரையில் பிடோக் என்றொரு வட்டாரம் இருக்கிறது. இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த இடம். முன்பு தென்னந்தோப்புகளும் மலாய்க் கம்பங்களும் இருந்த இடம். தொழுகைக்கு அழைக்கப் பள்ளிவாசலில் அடித்த பெரிய முரசின் மலாய்ப் பெயரிலிருந்து 'பிடோக்' வந்தது என்பர். ஊருக்கு ஆபத்து என்றாலும் அந்த முரசு முழங்குமாம், நம் தோட்டத்தில் பெரட்டு மணி அடித்து ஆள் கூட்டியது போல.

முரசு ஆளைக் கூட்டிவிடும். கூடியவர் என்ன செய்வது? அடிபட்டவன் ரத்தம் பெருகக் கிடக்க, சுற்றி நின்று 'ஐயோ' என்பதைத் தவிர வேறொன்றும் அறியாத கூட்டத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வளர்ந்த மனிதர் உடம்பில் இருப்பது சுமார் 5 லிட்டர் ரத்தம். தொடையிலுள்ள பெரிய நாடி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். அதற்குள் டாக்டர் வந்து சேர்வது அரிது. நகரத் தெருக்களில் பல வேளை முதலில் வந்து நிற்பவர் காவலர்தான். ஆகவே மருத்துவத்தின் முதல் பாடம் அவர் கைக்குப் போக வேண்டியதாயிற்று.

இங்கிலாந்தில் 1877-இல் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் தொடங்கியது. மறு ஆண்டு, உல்விச் நகரில் பீட்டர் ஷெப்பர்ட் என்ற ராணுவ மருத்துவர் பொதுமக்களுக்கு முதலுதவி வகுப்பு நடத்தினார். 1879 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் ஜூலு போரில் அவர் இறந்துபோனார். வகுப்பு நிற்கவில்லை. சுரங்கத் தொழிலாளி, ரயில்வே ஊழியர், போலீஸ்காரர் என்று உழைக்கும் மக்களே அதில் கூடுதலாகப் படித்தார்கள். லண்டனில் அந்த வகுப்பைக் கண்ட ஜெர்மன் அறுவை மருத்துவர் எஸ்மார்க், 1882-இல் கீல் நகரில் அதேபோன்ற பள்ளியைத் தொடங்கினார். படிக்காதவர் கையில் வைத்தியமா என்று முகம் சுளித்த மருத்துவர்களும் இருந்தார்கள்.

அந்தப் பாடத்தின் சாரம் எளியது. சுத்தமான துணியைக் காயத்தின்மேல் வைத்துப் பலமாக அழுத்து. எடுத்து எடுத்துப் பார்க்காதே. கை காலில் ரத்தம் அப்படியும் நிற்காவிட்டால், காயத்துக்கு மேலே அகலமான பட்டையால் இறுக்கிக் கட்டு. இந்த இறுக்குக் கட்டு நீண்ட நேரம் இருந்தால் கால் போய்விடும் என்று அஞ்சி, பல காலம் அதை ஒதுக்கியே வைத்திருந்தார்கள். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் அது பலரைக் காப்பாற்றிய பிறகு மீண்டும் மதிப்புப் பெற்றது. நம் லயங்களில் வெட்டுக்காயத்தில் காப்பித்தூளை அப்புவார்கள். அது ரத்தத்தையும் நிறுத்தாது, காயத்தையும் அழுக்காக்கும். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றுவது அதைவிட ஆபத்து; மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும்.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 1980களிலிருந்து, குண்டடியோ கத்திக்குத்தோ பட்டவரைப் போலீசாரே தம் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். அப்படிப் போனவர்களும் ஆம்புலன்சில் போனவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் பிழைத்தார்கள் என்று 2014-இல் வெளிவந்த ஆய்வு சொன்னது.

இந்தியாவில் சிக்கல் வேறு. 2007-இல் பள்ளி மாணவன் ஒருவன் வாகனம் மோதிச் சாலையோரம் கிடந்தான். வழிப்போக்கர் யாரும் நெருங்கவில்லை. தொட்டால் போலீஸ் கேள்வி, கோர்ட்டு அலைச்சல் என்ற பயம். அவன் இறந்தான். அவனுடைய உறவினர் பியூஷ் திவாரி 2008-இல் 'சேவ்லைஃப்' அறக்கட்டளையைத் தொடங்கி, போலீசாருக்கே உயிர்காக்கும் பயிற்சி அளித்தார். டில்லியில் அடிபட்டவரை ரோந்து வண்டியில் ஏற்றிச் செல்வது போலீசாரின் பழைய வேலைதான். எப்படித் தூக்குவது, எப்படிக் கட்டுவது என்பதுதான் தெரியவேண்டியிருந்தது. கழுத்தோ முதுகெலும்போ முறிந்தவரைக் கையும் காலும் பிடித்துத் தூக்கினால் வாழ்நாள் முழுதும் முடங்கிப்போகலாம். யார் மோதியது என்ற கேள்வியைக் கட்டுப்போட்ட பிறகு கேட்டால் போதும் என்பது நம் எண்ணம். உதவியவரைத் தொல்லை செய்யக்கூடாது என்ற நெறிமுறைகளுக்கு 2016 மார்ச்சில் உச்சநீதிமன்றம் சட்ட வலிமை கொடுத்தது.

சிங்கப்பூரில் தீயணைப்புத் துறையும் குடிமைத் தற்காப்புப் படையும் 1989-இல் ஒன்றாயின. ஆம்புலன்சுக்கு 995, போலீசுக்கு 999. பாரிஸ் நகரத் தாக்குதல்களுக்குப் பிறகு, 2016-இல், எங்கும் விரைந்து போய்ச் சேரும் அவசர நடவடிக்கைக் குழுக்களைப் போலீஸ் படை அமைத்தது. அதே ஆண்டு 'எஸ்ஜி செக்கியூர்' இயக்கமும் தொடங்கியது. கையில் கிடைத்த சட்டையையும் பெல்ட்டையும் கொண்டே ரத்தத்தை நிறுத்துவதை இப்போது அங்கே பொதுமக்களுக்கும் சொல்லித் தருகிறார்கள். பிடோக் அடுக்குமாடியில் இருப்பவர் கற்பதும் காவலர் கற்பதும் அடிப்படையில் ஒரே பாடம். இறுக்குக் கட்டுப் போட்டால் போட்ட மணியைத் துணியிலேயே எழுதிவைக்க வேண்டும். டாக்டர் முதலில் தேடுவது அதைத்தான். ஆஸ்பத்திரி சேரும்வரை அதை அவிழ்க்கக் கூடாது.